சீசன் முடிந்து கழுவ விட்ட வண்டி

முத்துச்செல்வம், வயது 44, தகப்பனார் பெயர் சுந்தரபாண்டியன், கீழத்தெரு, மேலகரம் என்பவரை விசாரித்தபோது கூறியதாவது:

நான் மேற்படி விலாசத்தில் மனைவியுடன் குடியிருந்து, வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்து வருகிறேன். குற்றாலம் சீசனில் வண்டி சாரலிலேயே நிற்பதால், ஹேண்ட் பிரேக் போட்டால் பின்சக்கரத்தில் துருவேறி ஒட்டிக்கொள்ளும். அதனால் சீசன் முடியும்வரை எங்கள் ஸ்டாண்டில் யாரும் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. சக்கரத்துக்கு அண்டையாகக் கல்தான் போடுவோம். சீசன் முடிந்ததும் பிரேக்கைச் சரிபார்த்து வண்டியைக் கழுவ விடுவது வழக்கம்.

நேற்றுக் காலை தென்காசியில் மெக்கானிக் பரீது பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு, "இனி கல்லு வேண்டாம், தைரியமா ஹேண்ட் பிரேக் போடுங்க" என்றார். அதன் பிறகு, குற்றாலம் ரோட்டில் கடற்கரை என்பவர் நடத்தும் வாட்டர் வாஷுக்குப் போனேன். அவர் எனக்குப் பல வருடப் பழக்கம். பிரேக் சரியான விஷயத்தைப் பெருமையாகவே அவரிடம் சொன்னேன். அந்த இடம் பின்பக்கம் சரிவானது. வண்டியைக் கியரில் நிறுத்தி இறங்கி, கை பழக்கத்தில் பின்சக்கரத்துக்குக் கல்லைப் போட்டேன். அதன் பிறகு, சீசன் முழுக்க ஈரத் துண்டோடு ஏறியவர்களால் உள்ளே மண்டியிருந்த வாடை போவதற்காக, நியூட்ரலுக்கு மாற்றி இன்ஜினையும் ஏ.சி.யையும் ஓடவிட்டேன். ஹேண்ட் பிரேக் ஞாபகம் எனக்கு வரவே இல்லை.

நான் தள்ளிப் போய் கால்மிதிகளை வேலியில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கடற்கரை வண்டிக்குப் பின்னால் குனிந்தபடி, "போட்டாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டார். "போட்டாச்சுலே" என்றேன். அவர் கேட்டது ஹேண்ட் பிரேக்கை. நான் சொன்னது கல்லை. அவர் டயரைத் தேய்ப்பதற்காகக் கல்லை உருவிவிட்டார்.

வண்டி பின்னால் நகர்ந்து, அவரைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரோடு சேர்த்து அமுக்கியது. நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் தள்ளினேன். அசையவில்லை. அதன் பிறகு உள்ளே ஏறி, கியர் போட்டு வண்டியை முன்னால் எடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அது கச்சிதமாகப் பிடித்தது. இறங்கிப் பார்த்தபோது அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

டாக்டர்கள் அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி பேச்சித்தாய் என்னைத் திட்டவில்லை. "அவுக கேட்டதும் தமிழு, நீங்க சொன்னதும் தமிழு. பெறவு எப்படி அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

நான் இங்கே வரும்வரை கடற்கரை மயக்கத்தில்தான் இருந்தார். கால் போனது அவருக்கு இன்னும் தெரியாது. "முழிச்சதும் நீங்களே சொல்லிருங்க, என்னால ஆகாது" என்று பேச்சித்தாய் சொல்லியிருக்கிறார். இங்கிருந்து நான் நேரே அங்கேதான் போக வேண்டும். நடந்ததையெல்லாம் உங்களிடம் வரிசையாகச் சொல்லிவிட்டேன். அவரிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) சு. முத்துச்செல்வம்