சோதனையில் அழிந்த குரல்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், என் பின் சீட்டில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் அக்கா கேட்டது என் காதில் விழுந்தது.

“உங்க மாமா குரல அழிச்சதுக்கு உனக்கு நன்றி வேற சொன்னாங்களா?”

“அழிச்சதுக்கு இல்லக்கா. அவுங்க சாஃப்ட்வேர்ல இருக்கற தப்பக் கண்டுபிடிச்சதுக்கு.”

“அப்பா குரல்னு பாப்பாவுக்கு, சாவறதுக்கு முன்னாடி அவர் பேசி அனுப்புனது அவ்ளோதான்டி இருந்துச்சு.”

“தெரியும்க்கா.”

“சம்பளமில்லாம எவனுக்கோ டெஸ்ட் பண்ணிக் குடுக்க என் லேப்டாப்தான் கெடச்சுதா?”

“என்னுது பழசு, அதுல ஓடல. ஆடியோவ வெட்டி ஒட்டற சாஃப்ட்வேர்க்கா, எல்லாருக்கும் ஃப்ரீ. புது வெர்ஷன் விடறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்க ஆள் கேட்டாங்க. மொத தடவ சேந்தேன். பாப்பாவுக்குக் கேக்கட்டுமேன்னு மாமா பேசுனத எல்லாம் ஒண்ணா சேத்துப் பாத்தேன். சேவ் பண்ணதும் ஒரிஜினலும் சேந்து எல்லாமே காலியாயிடுச்சு.”

“காப்பி எடுத்து வெக்கச் சொல்லலையா?”

“எழுதியிருந்தாங்க. நான்தான் படிக்கல.”

பஸ் புதுச்சத்திரத்தில் நின்று கிளம்பியது. தங்கையின் போனில் ஏதோ மெசேஜ் வந்த சத்தம் கேட்டது.

“அவுங்கதானா? என்ன சொல்றாங்க?”

தங்கை தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். “இன்னொரு வாட்டி அதே மாதிரி பண்ணா, திரும்பவும் அழியுதான்னு பாத்துச் சொல்லச் சொல்றாங்க.”

“அழியறதுக்கு இனிமே என்னடி இருக்கு?” என்றாள் அக்கா.