ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு

சின்ன வயதிலிருந்தே நான் ஜில்லென்று இல்லாத எதையும் குடிக்க மாட்டேன், ஐயா. இங்கே நீங்கள் கொடுத்த தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை, குறையாகச் சொல்லவில்லை.

எங்கள் வேலை ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்ப்பது. தேய்ப்பு அறையில் பதினோரு பேர். நான் சூப்பர்வைசர். கோடையில் அங்கே நிற்பது அடுப்புக்குள் நிற்பது மாதிரி. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் முட்டை வேகும். அதனால் முதலாளி ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிப் போட்டார். காலையில் வந்ததும் ஆளுக்கொரு பாட்டில் உள்ளே போய்விடும். தண்ணீர், எலுமிச்சை ஜூஸ், ஒருத்தர் மட்டும் சிவப்பாக ஏதோ சர்பத். காலை முழுக்க எலியும் பூனையுமாக இருந்தவர்கள்கூட மூன்று மணிக்கு ஒரே பாட்டிலை மாற்றி மாற்றிக் குடிப்பார்கள்.

அவர்களில் ஒருத்தியைச் சிட்டு என்று கூப்பிடுவோம். வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

"நம்ம சூப்பர்வைசர் அண்ணனும் இந்த ஃப்ரிட்ஜும் ஒண்ணுதான். எப்பவும் உர்ருனு இருக்கும். என்ன, ஃப்ரிட்ஜைத் திறந்தா உள்ள ஏதாவது இருக்கும்."

மற்றப் பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுவாரம் ஃப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆளாளுக்குத் திறந்தால் குளிர்ச்சி நிற்பதில்லை. தன் பங்கைத் தேய்த்து முடித்தவருக்குத் திறந்துவிடுவேன் என்றேன். சிட்டுவின் பங்கை மட்டும் கொஞ்சம் கூட்டினேன். கைவேகம் உள்ளவள், அவளால் முடியும்.

அன்று சூட்டை வெளியே தள்ளும் விசிறி காலையிலேயே நின்றுவிட்டது. பழுது பார்க்க ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். மூன்று மணிக்குப் பத்துப் பேரும் குடித்துவிட்டு வெளியே நிழலுக்குப் போனார்கள். சிட்டுவுக்கு இன்னும் முப்பது விரிப்பு பாக்கி. பக்கத்து இயந்திரக்காரி போகிற போக்கில் தன் பாட்டிலை அவளிடம் நீட்டினாள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அதை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் வந்து தண்ணீர் கேட்டாள். முடித்துவிட்டு வா என்றேன். ஏழெட்டு விரிப்பு கழித்து மறுபடி வந்தாள். அந்த அனலில் அவள் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தோல் காய்ந்து சிவந்திருந்தது. கவனித்தேன். கவனிப்பதுதானே என் வேலை. என் பாட்டிலை எடுத்து நிதானமாகக் குடித்தேன். ஜில்லென்ற பாட்டிலின் வெளிப்பக்கம் நீர் கோத்து வழியும் இல்லையா, அவள் கண் அதிலேயே இருந்தது.

மூன்றாம் முறை வந்தபோது நாக்கு குழறியது.

"தெரியாம சொல்லிட்டேண்ணே. மன்னிச்சிடுங்க. ஒரு வாய் குடுங்க."

"அன்னிக்கு எல்லாரும் கேக்கத்தானே சொன்னே. எல்லாரும் வரட்டும். அப்ப சொல்லு."

சரியென்று தலையாட்டினாள். சுவரைப் பிடித்துக்கொண்டே போய் அடுத்த விரிப்பை எடுத்தாள். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

அவள் விழுந்த சத்தம் கேட்டதும் கடிகாரத்தைப் பார்த்தேன். மற்றவர்கள் திரும்பிவரப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. முதலில் பூட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். பிறகு அவளுடைய பாட்டிலை எடுத்தேன். பாதித் தண்ணீரைக் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு, மீதியோடு அவள் கையருகே வைத்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தாள் என்று முதலில் உங்களிடம் சொன்னது அதை வைத்துத்தான். அது பொய். தண்ணீர் ஊற்றும் சத்தத்துக்கு அவள் தலையைத் திருப்பினாள். உதடு அசைந்தது. உயிர் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அவளைத் தனியாக விட்டுப் போகவும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பதினோராவது நிமிடத்தில் மூச்சு நின்றது.

அவள் வீட்டாரைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள், ஐயா. அவள் மன்னிப்புக் கேட்டாள். நானும் மன்னித்துவிட்டேன்.