சிவப்பு டேப்

இறந்தவர்களின் கோப்பைத் திறப்பதற்கு முன் நான் கை கழுவிக்கொள்வேன். நாற்பது வருடம் நோயாளிகளைத் தொட்ட பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கு என் வேலை தெரியும். மருத்துவமனையில் யாராவது எதிர்பாராமல் இறந்தால், அங்கே சம்பளம் வாங்காத ஒரு டாக்டர் கோப்பைப் படித்து, தவிர்த்திருக்கக்கூடிய மரணமா என்று எழுத வேண்டும். யாரையும் தண்டிக்க அல்ல. அடுத்தவர் அதே மாதிரி சாகாமல் இருக்க. வெளியாள் முகம் பார்க்க மாட்டான் என்று நம்பி என்னை வைத்தார்கள். நான் முகம் பார்த்தேன்.

முதல் கோப்பு ஒரு தபால்காரருடையது. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். கையில் குத்தியிருந்த ஊசிக்குழாயை அலச உப்புத் தண்ணீர் ஏற்ற வேண்டிய நர்ஸ், பக்கத்துக் குப்பியை எடுத்துவிட்டாள். அதில் இருந்தது பொட்டாசியம். அப்படியே ஏற்றினால் இதயம் நின்றுவிடும். நின்றது.

அந்தப் பெண் என் அறைக்கு வந்தாள்.

"மூடி ரெண்டும் ஒரே நீலம் டாக்டர். எழுத்து எறும்பு சைஸு. ரெண்டையும் ஒரே தட்டுல வேற வச்சிருக்காங்க. சாக்கு சொல்லல, நான் படிச்சுப் பாத்திருக்கணும்."

"உக்காரும்மா. முதல்ல தண்ணி குடி."

இரண்டு குழந்தைகள், படுத்த படுக்கையாக மாமியார். போனவர் திரும்பி வரப்போவதில்லை. இருக்கிற ஒரு குடும்பத்தையாவது காப்பாற்றலாம் என்று தோன்றியது. கண்ணை மூடிக் கடவுளைக் கேட்டேன். மனம் அமைதியானது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, 'பலவீனமான இதயம். தவிர்த்திருக்க முடியாது' என்று எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து வார்டுப் பக்கம் போனேன். பொட்டாசியம் குப்பிகள் ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு டேப். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அவளேதான் சுற்றியிருந்தாள்.

"புதுசா வர்றதுக்கும் ஒட்டிடுவேன் டாக்டர். தூக்கக் கலக்கத்துல வர்றவளுக்குக்கூட பளிச்சுன்னு தெரியும்ல?"

பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

எதற்கு இந்த டேப் என்று யாராவது கேட்டால், கேள்வி தபால்காரர் வரை போகும். அங்கிருந்து அவளிடம் வரும். அப்புறம் என்னிடம்.

"பிரிச்சிடும்மா," என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவள் விரல் வலிக்குமே என்று நானும் கூட உட்கார்ந்து பாதியைப் பிரித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு பதினான்கு மாதங்களில், அதே தட்டிலிருந்து, வெவ்வேறு நர்ஸ்களின் கையால் மூன்று பேர். ஒரு தையல்காரர், ஒரு கல்லூரி மாணவி, ஒரு பஸ் டிரைவரின் மனைவி. மூன்று கோப்புகளும் என் மேசைக்குத்தான் வந்தன. இரண்டாம் பக்கத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உண்மையை எழுதினால் தபால்காரர் கோப்பும் திறக்கப்படும், அந்த முதல் நர்ஸ் மாட்டிக்கொள்வாள். அதனால் அதே வாக்கியத்தை எழுதினேன். குப்பிகளை வேறு தட்டுக்கு மாற்றியிருந்தாலே போதும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். சரிதான். ஐந்து நிமிட வேலை.

அவளே உங்களிடம் வந்து டேப் விஷயத்தைச் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. நல்ல பெண்.

அந்த டிரைவர்தான் மனதில் நிற்கிறார். மூச்சுத் திணறுகிறது என்று மனைவி சொன்ன அன்று, வண்டியை ஒப்படைத்துவிட்டு வந்துதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

"அரை மணி முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா பொழைச்சிருப்பாளா டாக்டர்?"

"நடந்ததையே நினைச்சிட்டு இருக்காதப்பா," என்றேன்.

மாதம் ஒருமுறை அதே கேள்வியோடு வருகிறார். இப்போது பஸ் ஓட்டுவதில்லை. தோளில் கை வைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "உங்ககிட்ட வந்தாதான் மனசு கொஞ்சம் ஆறுது," என்பார்.

எழுதிக்கொள்ளுங்கள். தபால்காரர் இறந்தது விபத்து. மற்ற மூன்று பேரையும் கொன்றது நான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். டிரைவரிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம். பாவம், தாங்க மாட்டார்.