தறிக்குழி அதிரவில்லை

பெரிய காஞ்சிபுரத்தில் மண்ணெண்ணெய் வரிசை. எனக்கு முன்னால் நின்ற நெசவுக்கார அம்மாள், தமக்கு முன்னால் நின்ற ரயில்வே கேங்மேனைச் சண்டைக்கு இழுத்தார்.

“எங்க வீட்டுக்குப் பின்னால தண்டவாளத்த யாருப்பா சரி பண்ணச் சொன்னது?”

“இன்னாம்மா இது? ஜாயின்ட்டு எறங்கிப் போயிருந்துது. ஜல்லி போட்டு இடிச்சி, போல்ட்ட முடுக்கினோம்.”

“கூட்ஸ் வண்டி அதுமேல ஏறினா தறிக்குழியில என் காலு அதிரும். ஓடிப் போயி பின்கதவத் தொறப்பேன். கடைசிப் பெட்டியில எம்புள்ள கார்டு. கொடிய ஆட்டிக்கினு போவான்.”

“வூட்டுக்கு வர்றதில்லியா?”

“கல்யாணத்துல மனஸ்தாபம். மூணு வருசமா அந்தக் கொடிதான். நேத்து காலு அதிரல. தறி சத்தத்துல வண்டி போனதே தெரியல.”

“அப்பிடியே விட்டிருந்தா அந்த வண்டியே கவுந்திருக்கும்மா.”

“தெரியும்பா.”

வரிசை இரண்டடி நகர்ந்தது. அம்மாள் நகரவில்லை.

“நேத்து நீ அங்கதான நின்னுக்கினு இருந்த? கொடி காட்டினானா?”

கேங்மேன் காலி டின்னைக் கை மாற்றிக்கொண்டார்.

“காட்டினாரும்மா. கதவு தொறக்கலன்னதும், வளைவுல மறையற வரிக்கும் ஆட்டிக்கினே போனாரு.”