சீராகக் கொடுத்த வண்டி

முன்சக்கரத்தில் உரசல் சத்தம் கேட்டால் எல்லோரும் முதலில் பிரேக்கைத்தான் சந்தேகப்படுவார்கள். அதில் தப்பில்லை. பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். பேடு தேய்ந்திருக்கும், இல்லையென்றால் நடுவில் மண் புகுந்திருக்கும். என் மாப்பிள்ளை செல்வகுமாரும் அப்படித்தான் நினைத்தார். திண்டிவனத்தில் ஒரு கடையில் பேடு மாற்றிப் பார்த்தார். இன்னொரு கடையில் டிஸ்க்கையே மாற்றிப் பார்த்தார். சத்தம் போன பாடில்லை.

என் பெயர் பாண்டுரங்கன். கோலியனூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். நிலத்தில் கரும்பும் மல்லாட்டையும் பயிர் வைக்கிறேன். ஊரில் ஒரு தகராறு, ஒரு பங்காளிச் சண்டை என்றால் என்னைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைப்பார்கள். கோபப்படாமல் பேசுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், ஏதோ ஆத்திரத்தில் கண் மண் தெரியாமல் செய்துவிட்டான் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. யோசித்துத்தான் செய்தேன்.

அந்த மோட்டார் சைக்கிள் என் மகள் சங்கவியின் கல்யாணத்துக்கு நான் சீராகக் கொடுத்தது. நிறம்கூட நான்தான் பார்த்து எடுத்தேன். கல்யாணமான அடுத்த வருஷம் அது உரச ஆரம்பித்தது. மாப்பிள்ளைக்கு வேலை திண்டிவனத்தில் ஒரு கம்பெனியில். காலையில் சத்தத்தோடு போவார், சாயங்காலம் சத்தத்தோடு வருவார். வந்ததும் அந்தச் சத்தத்துக்கு என் மகள் பதில் சொல்ல வேண்டும். உங்கப்பன் ஏமாத்திட்டான் என்று ஆரம்பிக்கும், பிறகு கை பேசும். வண்டி இல்லாவிட்டால் குழம்பில் உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி ஆளுக்குக் காரணமா கிடைக்காது?

ஒரு நாள் அவள் பஸ் ஏறித் தனியாக வந்துவிட்டாள். சொம்பை இடது கையால் வாங்கினாள். வலது கையைத் தூக்க முடியவில்லை. என் மனைவி கிருஷ்ணவேணி அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள். நான் சோறு போடச் சொன்னேன். சாப்பிட்டு முடித்ததும் நானே கூட்டிக்கொண்டுபோய்த் திண்டிவனத்தில் விட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை அவளுக்குத்தான் கொடுத்தேன். எனக்கு அவள் மேல் கொள்ளைப் பிரியம். அது ஊருக்கே தெரியும்.

ஏன் கொண்டுபோய் விட்டேன் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் துரைக்கண்ணு என்று ஒருவர். அவர் மகள் அருணா புருஷனோடு ஒத்துவராமல் வந்துவிட்டாள். நல்ல பெண்தான். ஆனாலும் வந்த நாளிலிருந்து அவள் பெயர் வாழாவெட்டி. அவள் தங்கையைப் பெண் கேட்டு வந்தவர்கள் காபி குடித்துவிட்டு எழுந்து போனார்கள். துரைக்கண்ணு கோயில் காரியத்தில் வாயைத் திறந்தால், முதலில் உன் வீட்டைப் பார் என்று ஒருவன் சொல்லிவிடுவான். சொன்னவர்களில் நானும் ஒருவன். மறைக்கவில்லை.

ஆடியில் எங்கள் ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். அதற்கு மகளும் மருமகனும் முதல் நாளே வந்தார்கள். வண்டியை வாசலில் நிறுத்தியதும் மாப்பிள்ளை சாவியை என்னிடம் நீட்டினார்.

"மாமா, நீங்க குடுத்த வண்டி தேச்சிக்கினே ஓடுது. நானும் காட்டாத கடை இல்ல. நீங்களே பாத்து ரெடி பண்ணிக் குடுங்க. பெரிய பேஜாரா கீது."

பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

விழுப்புரத்தில் சவுரிராயன் கடை வைத்திருக்கிறான். அவன் கைராசிக்காரன் என்று சொன்னார்கள். அவன் மற்றவர்களைப் போல உடனே பிரேக்கைக் கழற்றவில்லை. வண்டியைத் தெருவில் தள்ளச் சொல்லிக் கூடவே குனிந்து நடந்தான். பிறகு முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி விட்டுக் காதைக் கொடுத்தான். சத்தம் ஒரே சீராக வரவில்லை, விட்டுவிட்டு வந்தது. கடைசியில் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினான். டொக்கு டொக்கு என்றது. என் கையையும் வைத்து ஆட்டிப் பார்க்கச் சொன்னான்.

"அய்யா, இது பிரேக்கே இல்லீங்க. உள்ள பேரிங்கு செத்துப் போச்சி. வீலு சாஞ்சி சாஞ்சி ஓடுது, அதான் டிஸ்க்கு பேடுல ஒரசுது. பிரேக்க மாத்திக்கினே இருந்தா சத்தம் எப்படிப் போவும்?"

"ஓட்டலாமா?"

"ஓட்டாதீங்க. இன்னிக்கு லீவு, சாமான் கடை எதுவும் தொறக்கல. நாளைக்கு சாமான் வாங்கி மாட்டிடறேன், வண்டி இங்கியே இருக்கட்டும். ஊருக்குள்ள மெதுவா உருட்டிக்கினு போலாம். ஹைவேல எழுபது எம்பதுல போறப்ப அது புடிச்சிக்கிச்சின்னா ஆளத் தூக்கி அடிச்சிடும்."

அவன் சொன்னது இவ்வளவுதான். மறைக்காமல் சொன்னான். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு மெதுவாக ஊர் திரும்பினேன். அவன் கடை வாசலில் நின்று, "ஜல்தி கொண்டாந்துடுங்க அய்யா" என்று குரல் கொடுத்தான்.

வழியெல்லாம் யோசித்தேன். புருஷனை விட்டுவிட்டு வந்த பெண்ணைத்தான் ஊர் பேசும். புருஷனைப் பறிகொடுத்த பெண் அப்பன் வீட்டுக்கு வந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. பாவம் என்பார்கள், நாலு நாள் கூட வந்து உட்காருவார்கள். அவளுக்கு வயது இருக்கிறது, பின்னால் நல்ல இடமாகப் பார்த்து இன்னொரு கல்யாணம்கூடப் பண்ணலாம். இரண்டு பேருக்குப் பஞ்சாயத்துச் சொல்லும்போது இரண்டு பக்கமும் பார்ப்பேன். இதிலும் அப்படித்தான் பார்த்தேன். மாப்பிள்ளை பக்கம் சொல்ல ஒன்றும் இல்லை.

பம்புசெட் கொட்டகையில் கிரீஸ் டப்பா இருந்தது. சக்கரத்தின் நடுவில் இரண்டு பக்கமும் விரலால் அழுத்தி அடைத்தேன். டிஸ்க்கில் படாமல் துணியால் துடைத்தேன். மோட்டார் பேரிங் கத்தும்போது நாங்கள் செய்கிற வேலைதான். பேரிங் சரியாகாது, சத்தம் மட்டும் அமுங்கும். சுற்றி விட்டுப் பார்த்தேன். நன்றாகவே அமுங்கியிருந்தது. எச்சரிக்கை கொடுக்க அந்தச் சக்கரத்திடம் இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான், அதையும் நான் பிடுங்கிவிட்டேன்.

"பிரேக்குல மண்ணு மாப்ள. சவுரிராயன் கழட்டி சுத்தம் பண்ணிட்டான். கொஞ்ச நாளைக்கு லேசா ஒரசும், பழகிட்டா நின்னுடும்" என்றேன். அவருக்குச் சந்தோஷம். தெருக்கோடிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, கடைசியாக ஒரு வேலைக்காரனைக் கண்டுபிடித்தீர்கள் என்றார்.

மறுநாள் கூழ் ஊற்றி முடிந்ததும் அவர் மட்டும் கிளம்புவதாகப் பேச்சு. சங்கவி பத்து நாள் எங்களோடு இருந்துவிட்டு வரட்டும் என்று நான் முன்பே கேட்டு, அவரும் சரி என்றிருந்தார். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். என் மகளை நான் அந்த வண்டியில் ஏற்றவில்லை.

மத்தியானம் அவள் பின்கட்டில் கூழ்ப்பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேப்பை ஒட்டிய கையோடு எழுந்து வந்தாள்.

"அப்பா, நான் இங்கியே இருந்துடறேன்பா. மாட்டப் பாத்துக்கறேன், களை எடுக்கப் போறேன். ஒரு மூலையில கெடக்கறேன்."

"பத்து நாளு இருக்கப் போறல்ல. அதோட பேச்ச விடு."

"பத்து நாளு கழிச்சி?"

"உன் ஊட்டுக்குத்தான் போவணும். வேற எங்க போவ?"

அவளிடம் எப்படிச் சொல்வது? பத்து நாள் கழித்துப் போக வேண்டியிருக்காது, பொறுத்துக்கொள் என்று சொல்ல முடியுமா? நான் அவள் முகத்தைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

"அப்ப இன்னிக்கே போயிடறேன்பா. பத்து நாளு இருந்துட்டுப் போனா, அதுக்கும் சேத்து வாங்கணும்."

அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மாப்பிள்ளை வண்டியில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். இருந்தது ஒரு ஹெல்மெட்தான். தெருவெல்லாம் ஜனம். சொந்தக்காரர்கள் கூழ்க் குண்டானோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சங்கவி ஏறி உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருந்துடு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கியிருப்பாள். அது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னால் என்ன அர்த்தம் ஆகும்? வண்டி சரியில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். தெரிந்தே ஏன் கொடுத்தாய் என்று கேட்பார்கள். இன்னும் நாலு நாளாவது தாங்கும், இன்றைக்கே ஒன்றும் ஆகாது என்று நான் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். மெதுவாகப் போங்கள் மாப்பிள்ளை என்றும் சொன்னேன். கிருஷ்ணவேணியைக் கேட்டுப் பாருங்கள், சொன்னேன்.

விக்கிரவாண்டி தாண்டி, கூட்டேரிப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சக்கரம் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இப்போது நன்றாக இருக்கிறார், போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக்கூட அனுப்பிவிட்டார்களாம். சங்கவியை ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே உயிர் இல்லை.

எனக்கு அவள் போனது தாங்க முடியவில்லை. இரண்டு வாரமாகப் பின்கட்டுப் பக்கம் நான் போகவில்லை. கிருஷ்ணவேணி சோற்றைக் கொண்டுவந்து வைக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் சங்கவி போன விதத்தில் குறை ஒன்றும் இல்லை. நான் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை எடுத்துக்கொண்டு போனேன். மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, கழுத்தில் தாலியோடு புகுந்த வீட்டு வாசலிலிருந்து எடுத்தார்கள். ஊரே திரண்டு வந்தது. துரைக்கண்ணுகூட வந்தார். சுமங்கலியாகப் போனாள், மகராசி என்று பெண்கள் சொன்னதை என் காதால் கேட்டேன்.

இப்போது மாப்பிள்ளை கொடுத்த புகாரில் சவுரிராயனை இந்த ஸ்டேஷனில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். நேற்று அவன் மனைவி ஆரோக்கியசெல்வி எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. "அவுரு ஓட்ட வேணாம்னு சொன்னாரா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்கய்யா" என்று வெயிலில் நின்றாள். செய்யாத தப்புக்கு ஒருவன் பெயர் கெடக் கூடாது என்பது என் கட்சி. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன். அவனை அனுப்பிவிடுங்கள். பேரிங் போனது எனக்குத் தெரியும், கிரீஸ் அடைத்தது நான், மாப்பிள்ளை சாகட்டும் என்றுதான் அடைத்தேன், மகள் ஏறியதைப் பார்த்துக்கொண்டு நின்றதும் நான்தான். இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று என்னிடம் கேட்டாள் அல்லவா, அதை மட்டும் எழுத வேண்டாம். கோர்ட்டில் படிப்பார்கள், நாலு பேர் காதில் விழும். இதுவரை என் மகளை வாழாவெட்டி என்று ஒருவரும் சொன்னதில்லை.