குளிராத உருண்டை

எழுபதுகளில் ஸ்டுட்கார்ட் டிராமில் தமிழ் காதில் விழுவதே அபூர்வம். அதிலும் இப்படி ஒரு பேச்சு:

"அதுக்குக் குளிராது. என் சால்வையைக் கொடுங்க."

முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவர் மடியில், கம்பளிச் சால்வையில் சுற்றிய இரும்பு உருண்டை ஒன்று. காரைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் உதிரி பாகமாம். அவள் புடவைமேல் மெல்லிய கோட்டோடு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"கீறல் விழுந்துடும், ஸ்டெல்லா. இதை மாட்டிட்டா வண்டி பழையபடி எழுந்து நிக்கும்."

"ஏழு பேர் உட்கார்ற ஓட்டை பிரெஞ்சு ஸ்டேஷன் வேகன். வீட்ல இருக்கறது நாம ரெண்டு பேர்."

"ஸ்டார்ட் பண்ணினதும் யானை மாதிரி பின்பக்கத்தை மெதுவா தூக்கும் பாரு, வேற எந்தக் கார்ல உண்டு? ஜெர்மன்காரங்களே நின்னு பார்க்கறாங்க."

"நின்னு சிரிக்கறாங்க."

"உனக்கு ரசனை இல்லை."

நான் புத்தகத்தில் பக்கம் புரட்டுவதை நிறுத்தியிருந்தேன்.

"போன மாசம் டாக்டர்கிட்ட போகணும்னு சொன்னேன். கார் எழுந்திருக்கட்டும்னு தெருவில குனிஞ்சு பார்த்துட்டே நின்னீங்க. அது எழுந்திருக்கவே இல்லை. நான் தனியா இதே டிராம்லதான் போனேன்."

"அதுக்குத்தானே இப்ப பார்ட் வாங்கிட்டு வர்றோம்?"

"டாக்டர் என்ன சொன்னார்னு இன்னைக்கு வரைக்கும் நீங்க கேட்கலை."

டிராம் வேகம் குறைந்தது. அவர் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொன்னார்?"

அவள் எழுந்து கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள்.

"நம்ம ஸ்டாப் வந்துடுச்சு. உருண்டையைப் பத்திரமா பிடிச்சுக்கோங்க."