உப்பில்லாத சமோசா

— அப்ப இந்த டிபன் கேரியர் உங்களுது இல்லைங்கறீங்க?

— இல்ல கண்ணு. மூடியைத் திருப்பிப் பாரு, ராமாமணின்னு பேரு வெட்டியிருக்குது. பக்கத்து ஊட்டு ராமாமணியோடது. அங்க போய்க் குடு.

— குடுக்கறேன் மதினி. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்.

— மொதல்ல ஃபேனுக்குக் கீழ உக்காரு. நோன்போட வெயில்ல நடந்தே வந்திருக்கே, கிறுக்கி. எங்க கரும்புக்கடை ஏரியாவுக்கு பஸ்ஸா இல்லை? அதென்ன, கேரியர் கனக்குது?

— பேரீச்சம்பழம் போட்டிருக்கேனுங்க. வந்த பாத்திரத்தைக் காலியா எப்படித் திருப்பிக் குடுக்கறது?

— அது சரி.

— நேராச் சொல்றேன் மதினி. இந்தக் கேரியர் நேத்து சாயங்காலம் உங்க தம்பி கடையில இருந்துச்சு. பாங்கு சொல்ற நேரத்துக்கு, சொல்லாம கொள்ளாம போய் நின்னேன். மோட்டாருக்கு காயில் கட்டற மேசையில பேப்பரை விரிச்சு, ஒவ்வொரு அடுக்கா பிரிச்சு வெச்சிருந்தாரு. மேல வாழைக்காய் பஜ்ஜி. நடுவுல பருப்பு வடை. அடியில சமோசா.

— உபைது என்ன சொன்னான்?

— வாய் நெறைய இருந்துச்சுங்க, ஒண்ணும் சொல்ல முடியலை. முழுங்கிப்போட்டு, கஸ்டமர் குடுத்தாருன்னாரு.

— குடுத்திருப்பாங்க கண்ணு. நோன்பு திறக்கக் குடுத்தா, குடுத்தவங்களுக்கும் அந்த நோன்போட நன்மை கெடைக்கும்னு ஆளாளுக்குக் கொண்டாந்து குடுக்கறாங்க. வேண்டாம்னு கையைத் தள்ள முடியுமா?

— அந்த நன்மையில உங்க தம்பி மூணு கிலோ ஏறிட்டாரு.

— அல்லாவே. மூணா?

— காப்பர் கம்பி நிறுக்கற தராசு இருக்குதுல்ல, வாராவாரம் அதுல ஏத்தி நிறுத்தறேன். கடைப் பசங்க வேடிக்கை பாக்கறாங்க. ஊரே நோன்புல இளைக்குது, இவரு பேன்ட்டுக்கு பட்டன் சேர மாட்டேங்குது.

— அவன் சின்னதுல இருந்தே அப்படித்தான். நோன்பு மாசம் முடிஞ்சா அத்தா அவனுக்குப் பெருநாள் சட்டையை ஒரு சைஸ் பெருசா எடுப்பாரு.

— அது கெடக்கட்டுங்க. டாக்டர் என்ன சொன்னாரு? நீங்களும்தான் பக்கத்துல உக்காந்திருந்தீங்க.

— இப்ப எனக்கு எதுவும் ஞாபகத்துல நிக்கறதில்லை.

— நிக்காட்டி நான் சொல்றேன். உங்க ஈரல் கெட்டுப்போச்சு, இனி மாத்திரையில தேறாது. உங்க தம்பி ஈரல்ல பாதியை வெட்டி உங்களுக்கு வெக்கோணும். உங்க ஊட்டுக்கார அண்ணனுக்கு குரூப்பு சேரலை. உங்க மக யுஸ்ராவுக்கு இன்னும் பதினெட்டு முடியலை. சேர்றது உங்க தம்பி ஒருத்தருதான், ஆனா அவரு ஈரல்ல கொழுப்பு அப்பிக் கெடக்குது. அஞ்சு கிலோ குறைச்சுட்டு வாங்க, பெருநாள் முடிஞ்சதும் ஸ்கேன் எடுத்துட்டு ஆபரேசன் பண்ணலாம், குறையலைன்னா உங்களைத் தொடவே மாட்டேன்னு டாக்டர் சொன்னாரு. அதுக்கு இந்த மனுசன் என்ன சொன்னாரு? நோன்பு வருது டாக்டர், ஒரு மாசம் பட்டினிதான், தானா எறங்கிரும்னாரு.

— அந்த டாக்டரும் பாவம், நம்பிட்டாரு.

— நானும் நம்பினேன். எங்கூட்டுல எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிப் பரண்மேல போட்டுட்டேனுங்க. நோன்பு திறக்க ரெண்டு பேரீச்சம்பழம், ஒரு டம்ளர் கஞ்சி, வெள்ளரிக்காய். ரோஸ்மில்க் கெடையாது, கடல்பாசி கெடையாது. பிள்ளைக அழுவுதுக. அவரு மட்டும் வாயே தெறக்கறதில்லை. வெள்ளரிக்காயைத் தின்னுட்டு அல்ஹம்துலில்லாங்கறாரு. எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கோணும்.

— பாவம், தங்கமான பையன்.

— தங்கந்தான். அன்னைக்குப் பள்ளிவாசல்ல அஜ்ரத் பயான் பண்ணினாராம், வயித்தை மூணு பங்காக்கி ஒரு பங்குதான் சாப்பாட்டுக்குன்னு. ஊட்டுக்கு வந்து பிள்ளைகளை உக்கார வெச்சு விளக்கமாச் சொன்னாரு. நோன்பு பசியை அடக்கத்தான், பழி வாங்க இல்லைன்னு என்னவோ பேசினாரு. நல்லாத்தான் இருந்துச்சு. பேசும்போது தாடியில பஜ்ஜித் தூள் ஆடிட்டு இருந்துச்சு.

— மூணு பங்குன்னா சரியாத்தான் பண்றான். பள்ளியில ஒரு பங்கு, கடையில ஒரு பங்கு, ஊட்டுல ஒரு பங்கு.

— சிரிக்காதீங்க மதினி.

— சிரிக்காம என்ன பண்ணச் சொல்றே? வயித்துல தண்ணி கோத்துட்டுக் கெடக்கறேன், இந்த வருசம் ஒரு நோன்புகூட வெக்கக் கூடாதுன்னுட்டாங்க. சிரிக்கக்கூடக் கூடாதா? அது இருக்கட்டும், நீ ஏன் இப்படிப் போயிட்டே? கழுத்தெலும்பு துருத்திட்டு நிக்குது.

— அவருக்குத் துணையா நானும் அதையேதான் திங்கறேனுங்க. நான் திங்கறேன், அவரு துணைக்கு இல்லை. அவ்வளவுதான்.

— கை மடிப்புல என்ன, பஞ்சு ஒட்டியிருக்குது?

— ரத்தம் பாக்கச் சொன்னாங்க, குடுத்துட்டு வந்தேன். நோன்பு முறியாதுன்னு அஜ்ரத்துகிட்டக் கேட்டுட்டுத்தான் போனேன்.

— தலை சுத்தியிருக்கும். வெள்ளரிக்காயைத் தின்னு கஞ்சியைக் குடிச்சுட்டு, விடியறதுக்கு முன்னாடி சஹருக்கு என்னத்தைத் திங்கறே?

— அது கெடக்கட்டுங்க. அடுப்புல என்ன கொதிக்குது?

— கஞ்சி.

— கஞ்சியா? கறி வாசம் வருது.

— கஞ்சியில கொஞ்சம் கொத்துக்கறி போடறதுதானே.

— ஒரு கிலோவா?

— நீ எதுக்கு கண்ணு எந்திரிச்சு வந்து சட்டியைத் தெறக்கறே, ஆவி அடிச்சுரும்.

— மதினி, நேத்து அந்தச் சமோசாவுல ஒண்ணை எடுத்துக் கைப்பையில போட்டுட்டு வந்தேன். நோன்பு திறந்ததுக்கப்புறம் கடிச்சுப் பாத்தேன்.

— எப்படி இருந்துச்சு?

— கறி சமோசாங்க. ராமாமணி அக்கா, முட்டை ஓடு வாசல்ல கெடந்தாலே தண்ணி ஊத்திக் கழுவறவங்க. அவங்க கேரியர்ல கறி சமோசா எப்படி வரும்?

— மாத்தி எடுத்துட்டுப் போயிருப்பாங்க யாராச்சும்.

— இன்னொண்ணு. கறி நல்லா வெந்திருந்துச்சு. புதினா, இஞ்சி எல்லாம் அளவா இருந்துச்சு. உப்பு மட்டும் ஒரு கல்லுகூட இல்லை. நோன்பு புடிச்சவங்க ருசி பாக்காமச் சமைச்சா கூடும், குறையும். இல்லாமயே போகாதுங்க. இந்த ஊர்ல உப்பு டப்பாவை ஒளிச்சு வெச்சுச் சமைக்கற ஊடு எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான்.

— யுஸ்ராதான் ஒளிச்சு வெச்சா. நான் உப்பு தின்னா காலு ஊதுதுன்னு. எங்க வெச்சான்னு நானும் தேடிட்டேன்.

— அப்ப நீங்கதான்.

— அந்தக் கரண்டியை இப்படிக் குடு, அடி பிடிக்குது.

— நேராச் சொல்லுங்க மதினி.

— கேரியரு ராமாமணி குடுத்தது. பழசு, ஈயம் போயிருச்சு, எனக்குத் திருப்பி வேண்டாம், கறியோ மீனோ போட்டுக்கன்னு குடுத்தா. அவ ஊட்டுக்காரரு நரசிம்மலு அண்ணன் சாயங்காலம் அசர் தொழுகை நேரத்துக்கு டீவியெஸ்ல உக்கடம் பக்கம் போவாரு. போற வழியில கடையில எறக்கிருவாரு. வழியில ரெண்டு பஜ்ஜி எடுத்துத் திம்பாரு, அது எனக்குத் தெரியும்னு அவருகிட்டச் சொல்லிராதே.

— எத்தனை நாளா?

— தலை நோன்புல இருந்து.

— உங்க தம்பிக்குத் தெரியுமா, நீங்கதான் அனுப்பறீங்கன்னு?

— சொல்லலை. ஆனா உப்பில்லாத பஜ்ஜியை ஒருத்தன் தினமும் வழிச்சுத் திங்கறான்னா, அவனுக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் பேசிக்கலை, அவ்வளவுதான்.

— உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா? உங்க உசுருக்குத்தான் அவரை இளைக்கச் சொல்றாங்க. நீங்களே உக்காந்து அவருக்குக் கொழுப்பு ஏத்தறீங்க.

— கத்தாதே. யுஸ்ரா உள்ள படிச்சுட்டு இருக்கா.

— நான் கத்தலைங்க. கேக்கறேன்.

— சாயிரா, அவன் மிக்ஸி மோட்டாரைப் பிரிச்சு மாட்டினாக்கூட கடைசியில ரெண்டு ஸ்குரு கையில மிச்சம் நிக்கும். அவன் வயித்தைப் பிரிச்சு மாட்டும்போது டாக்டர் கையில ஏதாச்சும் மிச்சம் நின்னுச்சுன்னா? எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒரு ஊடு. அவனுக்கும் ஆச்சுன்னா ரெண்டு ஊடு. உனக்கு ரெண்டு பொடுசுக வேற.

— அதை அவருகிட்டச் சொல்லலாமுல்ல?

— சொன்னேனே. வேண்டாம்டா தம்பின்னு சொன்னா, அவன் அன்னைக்கே போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வருவான். நான் வேண்டாம்னு சொன்ன எதை அவன் விட்டிருக்கான்? அதான் டாக்டரே வேண்டாம்னு சொல்லட்டும்னு பாத்தேன். யார் மேலயும் பழி இல்லை. அவன் குடுக்க மாட்டேன்னு சொன்னதா ஆகாது, நான் வாங்க மாட்டேன்னு சொன்னதாவும் ஆகாது. ஸ்கேன் சொல்லுச்சு, முடிஞ்சுபோச்சு.

— சமோசாவை வெச்சு முடிச்சுரலாம்னு.

— அவனுக்கு வேற எதை வெச்சு முடிக்க முடியும்?

— அவருக்கும் பயந்தான் மதினி. ராத்திரி தொழுகை முடிஞ்சு வந்து படுத்தா தூங்கறதில்லை. வயித்தைத் தடவிட்டே கெடக்கறாரு. எங்க வெட்டுவாங்கன்னு பாக்கற மாதிரி.

— தெரியும். சின்னதுல ஊசி போடப் போனா டாக்டரைக் கடிச்சு வெச்சவன். பயந்தாத்தான் அவன் ரொம்பத் திம்பான்.

— நானும் ஒண்ணு சொல்லிர்றேன். மொத வாரம் தராசுல ஏறினாரு பாருங்க, குறையலை, ஏறுச்சு. வாய்ல அவரைத் திட்டினேன். உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சுங்க, தப்பிச்சாருன்னு. அப்புறம் அன்னைக்கு நோன்பு திறக்கையில நீங்க போன் பண்ணி, பிள்ளைக கஞ்சி குடிச்சாங்களான்னு கேட்டீங்க. எனக்கு அந்தக் கஞ்சி எறங்கலை.

— இதுக்கெல்லாம் போய் மனசைப் போட்டுக் குழப்பிக்கறே. நான் உன் எடத்துல இருந்தா தராசுக்கு அடியில கல்லு கட்டியிருப்பேன்.

— நீங்கதான் கட்டிட்டீங்களே.

— ஆமா. கட்டிட்டேன்.

— ஆபரேசன் பண்ணாட்டி எத்தனை நாளைக்குத் தாங்கும்னு டாக்டர் சொன்னது ஞாபகமிருக்குதுங்களா?

— அது மட்டும் நல்லா ஞாபகமிருக்குது. ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் கறி பங்கு வெக்க நான் இருந்தா, உனக்கு நல்ல தொடைக்கறியா எடுத்து வெக்கறேன்.

— இப்படிப் பேசாதீங்க.

— வேற எப்படிப் பேசறது? அழுதா வயித்துல தண்ணி குறையுமா? சரி, அந்த மாவை இங்க எடு. வந்ததுதான் வந்தே, ஓரத்தை மடிச்சுக் குடு. இல்ல, கோவிச்சுட்டுக் கெளம்பறியா?

— குடுங்க, மடிக்கறேன்.

— என்ன, நீயே மடிக்கறே? இது அவனுக்குப் போற சமோசா கண்ணு.

— தெரியுதுங்க. கறியில உப்புப் போடுங்க. அவருக்கு உப்பு ஆகும். டப்பா, கோதுமை மாவு டின்னுக்குள்ள இருக்குது. யுஸ்ரா எங்கிட்டச் சொல்லியிருக்கா.

— உனக்கென்ன ஆச்சு? அவனைத் திட்டிட்டு வந்தே, என்னைத் திட்டினே, இப்ப சமோசா மடிக்கறே. அந்தக் கேரியரை உடைச்சுப் போடாம, பளபளன்னு தேச்சு வேற கொண்டாந்திருக்கே.

— நாளையில இருந்து இன்னும் ரெண்டு சேத்தே வெச்சு அனுப்புங்க மதினி, அந்த மனுசன் பயமில்லாமத் திங்கட்டும். ஸ்கேன் நான் எடுத்துட்டேன். எனக்கும் உங்க குரூப்புதான், ஈரல்ல ஒரு பொட்டுக் கொழுப்பு இல்லையாம். நாத்தனாருக்கு எதுக்குக் குடுக்கறேன்னு, ஈரல் குடுக்க அனுமதி தர்ற கமிட்டியில உக்காந்து கேப்பாங்களாம், பதில் சொல்லிக்கறேன். இனி எத்தனை சமோசா அனுப்பினாலும் என்னை நீங்க ஒண்ணும் பண்ண முடியாது.